ஒன்பதே காலுக்கு இறங்கிய திரை

வியாழக்கிழமை சாயங்காலத்திலிருந்து வின்னி டக்கெட்டுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டு, தண்ணீர் முழுக்கச் சுண்டி அடி தீய்கிற வரைக்கும் அதன் முன்னாலேயே நின்றாள். தம்பியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். கோழி திருடினான், வேலி தாண்டினான் என்றால்கூடப் பரவாயில்லை. கொலை செய்தான் என்கிறார்கள். கோர்ட்டில் அதை நிரூபித்துவிட்டால் தூக்குதான், வேறு பேச்சே கிடையாது.

செத்தவர் கர்னல் வாவசூர். நெதர்வுட் கிராமத்தின் பெரிய வீடு அவருடையது. தினமும் பதினோரு மணிக்கு அவருக்குக் காபி வேண்டும். வியாழக்கிழமை காபியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக் கண்ணாடிக் கொட்டகைக்குப் போன சமையல்காரி, துரை திராட்சைக் கொடிக்குக் கீழே குப்புற விழுந்து கிடப்பதைப் பார்த்தாள். மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில் ஒரு மண்வெட்டி கிடந்தது. அதன் பிடியில் சூட்டுக்கோலால் பி.டி. என்று எழுதியிருந்தது. பெர்சி டக்கெட் தன் கையாலேயே எழுதிய எழுத்து.

இந்தப் பெர்சி இருக்கிறானே, வாயை வாடகைக்கு விட்டவன். கர்னல் வீட்டுத் தோட்டக்காரன். செப்டம்பர் மாதக் கண்காட்சியில் அவன் சொந்தமாக வளர்த்த வெங்காயம் முதல் பரிசு வாங்கிவிட்டது, கர்னலின் வெங்காயம் இரண்டாவதாக வந்தது. கிழவருக்கு அது பொறுக்கவில்லை. மூன்று வாரம் பொருமிப் பொருமி, புதன்கிழமை அவனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். வெங்காயத்துக்காகவா என்று கேட்காதீர்கள், இங்கே அதற்குப் பேச்சுவார்த்தையை நிறுத்திய அண்ணன் தம்பிகள் உண்டு. அவன் பேசாமல் வீட்டுக்கு வந்திருக்கலாம். நேரே பப்புக்குப் போய், பதினோரு பேர் காது கேட்க, "அந்தக் கெழத்தை அவரோட தோட்டத்துலயே குழி வெட்டிப் பொதைக்கிறேனா இல்லையா பாரு!" என்று மேஜையைத் தட்டியிருக்கிறான். மறுநாள் காலை எட்டரைக்கு, தன் மண்வெட்டியை எடுத்துவரப் பெரிய வீட்டுக்கும் போயிருக்கிறான். கர்னல் கொடுக்காமல் விரட்டிவிட்டார், வெறுங்கையோடு திரும்பினேன் என்கிறான். யார் நம்புவார்கள்? போதாததற்குச் சட்டைக் கையில் ரத்தம் வேறு. அது முயல் ரத்தம். வின்னிதான் அந்த முயலைச் சட்டியில் போட்டவள். போலீஸ் இழுத்துக்கொண்டு போகும்போதுகூட அந்த மடையன், "அக்கா, அடுப்புல முயல் கொதிக்குது, பாத்துக்கோ," என்றுதான் சொல்லிவிட்டுப் போனான். அம்மா செத்தபோது அவனுக்கு வயது ஆறு, வின்னிக்குப் பதினேழு. அன்றிலிருந்து அவனுக்கு எல்லாமே இவள்தான்.

வெள்ளிக்கிழமையும் அவள் வேலைக்குப் போனாள். ஊர் நர்ஸுக்கு விடுப்பு ஏது? தம்பி லாக்கப்பில் இருந்தாலும், வியாழக்கிழமை பிறந்த குழந்தையை வெள்ளிக்கிழமை குளிப்பாட்டித்தானே ஆகவேண்டும். சைக்கிளை எடுத்துக்கொண்டு ஃப்ளோரி டாம்ஸ் வீட்டுக்குப் போனாள். அங்கே ஃப்ளோரியின் மாமியார் முன் அறையில் நின்று புலம்பிக்கொண்டிருந்தாள்.

"அடக்கம் செவ்வாக்கிழமையாம் நர்ஸம்மா. அதுவரைக்கும் இப்படித் திரையை இறக்கிட்டு இருட்டுலயே கெடக்கணும். ஜன்னல்ல வச்ச என் பூச்செடியெல்லாம் வெளுத்துப் போகும்."

"அந்த ஆளுக்காகவா?" என்றாள் கட்டிலில் இருந்து ஃப்ளோரி. "போன வருஷம் நம்ம கூரை ஒழுகினப்ப என்ன சொன்னாரு, வாளி வையின்னாரு."

"மனுஷன் எப்படியோ, சாவு சாவுதானேடி. ஊர்ல சாவு விழுந்தா முன் ஜன்னல் திரையை இறக்கணும். இறக்கலேன்னா நாலு பேர் என்ன பேசுவாங்க? நேத்து சமையல்காரி அலறிக்கிட்டு வந்தா பாரு, நாந்தான் இந்தத் தெருவுலயே முதல்ல இறக்கினேன்." அவளுக்கு அதில் ஒரு பெருமை.

ஃப்ளோரி அந்தப் பேச்சை விட்டுவிட்டு, "நர்ஸம்மா, பாப்பா பொறந்த நேரம் சொல்லுங்க, பைபிள்ல எழுதணும்," என்றாள். வின்னி தன் குறிப்பேட்டைப் புரட்டினாள். ஒன்பது நாற்பது. அதைச் சொன்ன வாய் அப்படியே நின்றுவிட்டது. ஃப்ளோரிக்கு வலி முற்றிவிட்டது என்று ஆள் வந்து, அவள் அடித்துப் பிடித்துச் சைக்கிளில் வந்தது அதற்குச் சற்று முன்னால். சர்ச் மணி ஒன்பதே கால் அடித்தபோது அவள் பெரிய வீட்டு வாசலை ஒட்டிய ஹார்பின் டீச்சர் வீட்டைத் தாண்டிக்கொண்டிருந்தாள். டீச்சர் வீட்டு முன் ஜன்னல் இரண்டிலும் திரை அடிவரைக்கும் இறங்கியிருந்தது. டீச்சருக்குத் தலைவலியோ, திரும்பும்போது எட்டிப் பார்க்கணும் என்று நினைத்தது இப்போது நன்றாக ஞாபகம் வந்தது. திரும்பும்போது ஊரே அல்லோலகல்லோலப்பட்டுக்கொண்டிருந்ததில் அது மறந்து போயிற்று.

கர்னல் செத்தது ஊருக்குத் தெரிந்தது பதினோரு மணிக்கு. ஒன்பதே காலுக்கு யாருக்காகத் திரை இறங்கியது?

குழந்தையைத் துவட்டி ஃப்ளோரியிடம் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, "குழந்தை எங்க?" என்று கேட்டாள். "இதோ என் கையில இருக்கே, உங்களுக்கு என்ன ஆச்சு?" என்றாள் ஃப்ளோரி.

வெளியே வந்தால் வழியில் போலீஸ்காரர் கிப்பின்ஸ், தன் வீட்டு வேலியோரம் முட்டைக்கோஸுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். வின்னியைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கிப் போயிற்று. பெர்சியின் கையைப் பிடித்து வண்டியில் ஏற்றியவர் அவர்தான்.

"நான் என்ன பண்ணட்டும் வின்னி? டவுன்லேர்ந்து வந்த இன்ஸ்பெக்டர் சொல்றதைத்தான் செய்யணும்."

"வேற யாரையும் விசாரிக்கலையா?"

"விசாரிச்சோமே. ஹார்பின் டீச்சர் வாக்குமூலந்தான் பெர்சிக்குப் பாதகமா இருக்கு. எட்டரைக்கு அவன் உள்ள போறதைப் பாத்தாங்களாம். அப்புறம் பதினோரு மணி வரைக்கும் முன் ஜன்னல்கிட்டயே உக்காந்து தச்சிக்கிட்டிருந்தாங்களாம். வேற ஒரு ஈ காக்கா உள்ள போகலையாம்."

"முன் ஜன்னல்கிட்டயா?"

"ஆமா. அங்கேர்ந்து பாத்தா தெரு நல்லாத் தெரியுமே."

திரை இறங்கியிருந்ததை வின்னி அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும்? 'வயசானவங்க, வெயில் பட்டு ஜமுக்காளம் வெளுக்கும்னு இறக்கியிருப்பாங்க' என்பார் டவுன் இன்ஸ்பெக்டர். குற்றவாளியின் அக்கா கதை கட்டுகிறாள் என்பார். அது ஒரு காரணம். இன்னொரு காரணம் நெஞ்சுக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. வின்னி நர்ஸ் பரீட்சைக்குப் படித்தது டீச்சரின் சமையலறையில். அந்த வருஷக் குளிருக்கு அவள் போட்டுக்கொண்டது டீச்சரின் கோட். அவள் படிக்கும்போது பெர்சியைப் பக்கத்தில் உட்கார்த்தி, வாயில் புட்டிங்கை ஊட்டிக்கொண்டே கூட்டல் கழித்தல் சொல்லிக்கொடுத்தவள் டீச்சர். அந்த டீச்சரா?

அன்றைக்கு அந்த வீட்டு வாசலை மூன்று தடவை சைக்கிளில் தாண்டினாள். மூன்று தடவையும் பிரேக்கைப் பிடித்தாள், மூன்று தடவையும் மிதித்துக்கொண்டு போய்விட்டாள். என்ன பெண் நீ, தம்பி கழுத்துக்குக் கயிறு வருகிறது, உனக்கு மரியாதை கேட்கிறதா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். சனிக்கிழமை காலையில் செய்தி வந்தது, பெர்சியைத் திங்கட்கிழமை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்துகிறார்கள். அதற்குமேல் அவள் தாமதிக்கவில்லை. சைக்கிளை டீச்சர் வீட்டு வேலிமேல் சாய்த்துவிட்டு, கதவைத் தட்டாமலே உள்ளே போனாள்.

ஹார்பின் டீச்சர் சமையலறை மேஜையில் ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஐம்பத்தெட்டு வயது. ஒல்லியான உடம்பு, நரைத்த கொண்டை. ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் ஹார்மோனியம் வாசிப்பவள். கர்னல் தன் யுத்த அனுபவங்களைப் புத்தகமாக எழுதிக்கொண்டிருந்தார். அதை டைப் அடித்துக் கொடுப்பவளும் அவள்தான்.

"உக்காரு வின்னி. மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? சாப்பிட்டியா?"

"உக்கார வரல டீச்சர். முன் ஜன்னல்கிட்ட உக்காந்து தச்சேன்னு போலீஸ்ல சொன்னீங்களாமே?"

"ஆமா."

"திரையை இறக்கிட்டு எப்படி டீச்சர் தெருவைப் பாத்தீங்க?"

"திரையா? சேதி வந்ததும் ஊரே இறக்குச்சு, நானும் இறக்கினேன்."

"நான் ஒன்பதே காலுக்கு இந்த வழியாத்தான் போனேன். ஃப்ளோரி குழந்தை ஒன்பது நாப்பதுக்குப் பொறந்துது, என் புஸ்தகத்துல எழுதியிருக்கு. ஒன்பதே காலுக்கு உங்க திரை ரெண்டும் இறங்கியிருந்துது. கர்னல் செத்தது அப்ப யாருக்குமே தெரியாது டீச்சர். கொன்னவங்களுக்கு மட்டுந்தான் தெரியும்."

டீச்சர் கத்தியை மேஜையில் வைத்தாள். மறுப்பாள், கோபப்படுவாள், வெளியே போ என்பாள் என்று வின்னி எதிர்பார்த்திருந்தாள். டீச்சரோ திகைத்துப் போய் முன் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"நானா? ஒன்பதே காலுக்கா?"

"நீங்கதான்."

"வந்தேன். கை கழுவினேன். தொப்பியைக் கழட்டி மாட்டினேன்..." விரல்விட்டு எண்ணுகிறவள் மாதிரி யோசித்தாள். "திரையை இறக்கினது நெனவே இல்ல. பக்கத்து வீட்டுல சாவு. கை தானா இழுத்திருக்கு." திடீரென்று சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. "அந்த மனுஷனுக்கு மரியாதை பண்ணியிருக்கேன் பாரு வின்னி! மண்டையையும் உடைச்சிட்டு, மரியாதையும் பண்ணியிருக்கேன்!" சிரித்த வேகத்திலேயே அழுகையும் வந்தது. ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டாள்.

வின்னிக்கு அவளை அணைத்துக்கொள்ளவும் தோன்றியது, பிடித்து உலுக்கவும் தோன்றியது. இரண்டும் செய்யாமல் மேஜை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏன் டீச்சர்?"

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். அவளுக்கு ஒரே தம்பி, க்ளெமென்ட். கர்னலின் படைப்பிரிவில் சேர்ந்து பிரான்சுக்குப் போனான், பத்தொன்பது வயதில் செத்தான். போரில் வீர மரணம் என்று அவர்கள் அம்மாவுக்குக் கர்னலே கைப்படக் கடிதம் எழுதினார். சர்ச் சுவரில் மற்ற பதினான்கு பையன்களின் பெயரோடு அவன் பெயரும் இருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை கர்னல் புதிதாக ஓர் அத்தியாயத்தை அனுப்பினார். டீச்சர் வழக்கம்போல டைப் அடிக்க உட்கார்ந்தாள். பாதிப் பக்கத்தில் தம்பியின் பெயர் வந்தது.

"ஓடிட்டானாம். மூணு நாள் குண்டு மழை, காது கேக்காமப் போயி, ஓடிப்போய் ஒரு வைக்கோல் கொட்டகையில ஒளிஞ்சிருக்கான். பிடிச்சு, காலையில தூண்ல கட்டி, நம்ம ஆளுங்களே சுட்டுட்டாங்க. கையெழுத்துப் போட்டது கர்னல். அம்மா மேல பரிதாபப்பட்டுக் கடிதத்தை மாத்தி எழுதினாராம். அதையும் பெருமையா எழுதியிருக்காரு. நானே டைப் அடிச்சேன் வின்னி. பேரோட, ஊரோட."

"ஐயோ டீச்சர்."

"வியாழக்கிழமை காலையில தோட்டத்து வழியாப் போனேன். பேரை மட்டும் எடுத்துடுங்கன்னு கேட்டேன். ஒரு எழுத்து மட்டும் போடுங்க, க்ளெமென்ட் ஹார்பின்னு போடாதீங்க, அம்மா கல்லறையிலகூட அந்தப் பேரு இருக்குன்னு கெஞ்சினேன். திராட்சையை வெட்டிக்கிட்டே சொன்னாரு, 'சரித்திரத்தை உனக்காக மாத்த முடியாது. எழுத்துப் பிழை இருந்தா மட்டும் சொல்லு'ன்னு. சொல்லிட்டுத் திரும்பிக்கிட்டாரு. அங்க ஏதோ சாத்தியிருந்துது, எடுத்துட்டேன். அது பெர்சியோடதுன்னு சத்தியமா தெரியாது."

"தெரிஞ்ச பிறகு?" வின்னியின் குரல் உயர்ந்தது. "பெர்சி உள்ள போனதைச் சொன்னீங்களே, திரும்பி வந்ததைச் சொன்னீங்களா? வெறுங்கையோட வந்தான்னு சொன்னீங்களா?"

"அதை அவங்க கேக்கல. கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னேன்." டீச்சர் தலை குனிந்தாள். "விட்டுருவாங்கன்னு நெனச்சேன். சாட்சி பத்தாது, சின்னப் பையன்னு..."

"உங்க தம்பிய விட்டாங்களா?"

சொன்ன பிறகுதான் அது எப்படிப்பட்ட வார்த்தை என்று வின்னிக்கு உறைத்தது. ஆனால் அவள் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ள முடியாது, திங்கட்கிழமை வந்துகொண்டிருந்தது.

டீச்சர் எழுந்தாள். நறுக்கிய ஆப்பிளைக் கிண்ணத்தில் போட்டு, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து மூடினாள். "சரி, போகலாம். ஆனா ஏன்னு கேப்பாங்க. அந்தப் பக்கத்தை எல்லாம் நான் எரிச்சிட்டேன், அவர் கையெழுத்துப் பிரதியையும் சேத்து. இப்ப இந்த விஷயம் தெரிஞ்சது நம்ம ரெண்டு பேருக்குத்தான்."

"உண்மையைச் சொல்லுங்க டீச்சர். கேக்குறவங்க மனசு எளகும். ஜூரியில இருக்குறவங்களுக்கும் தம்பி, புள்ள இருப்பாங்கல்ல? தூக்குலேர்ந்துகூடத் தப்பிக்கலாம்."

"தப்பிக்கலாம். மறுநாள் பேப்பர்ல க்ளெம் பேரு வரும். சர்ச் சுவத்துலேர்ந்து சொரண்டி எடுப்பாங்க." அவள் வின்னியின் கையைப் பிடித்தாள். "வேலின்னு சொல்றேன். மூணு வருஷமா எனக்கும் கர்னலுக்கும் எல்லை வேலியை வெட்டுற சண்டை, ஊருக்கே தெரியும். எத்தனை புகார் எழுதியிருக்கேன். நம்புவாங்க."

"வேலிக்காகக் கொலைன்னா உங்கள யாரும் மன்னிக்க மாட்டாங்க. ராட்சசின்னு சொல்லுவாங்க."

"சொல்லட்டும். நீ மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. பெர்சிகிட்டகூட. நான் உன் தம்பியைக் கொடுத்துடறேன் வின்னி. நீ என் தம்பியை விட்டுரு."

மாட்டேன் என்று சொல்ல வின்னிக்கு ஆசைதான். இந்தக் கழுத்தும் போக வேண்டாம், அந்தக் கழுத்தும் போக வேண்டாம் என்று கத்த ஆசைதான். ஆனால் எதற்காக வந்தாளோ அது கையில் வந்துவிட்டது. சரியென்று தலையை ஆட்டினாள்.

டீச்சர் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியை வைத்துக்கொண்டாள், கையுறை மாட்டினாள். இருவரும் தெருவழியே நடந்தார்கள். வேலிக்குப் பின்னாலிருந்து ஃப்ளோரியின் மாமியார், "என்ன டீச்சரம்மா, கிளம்பிட்டீங்க? நாளைக்கு சர்ச்சுல என்ன பாட்டு?" என்று கேட்டாள். "நாளைக்கு வேற யாராவது வாசிப்பாங்க," என்றாள் டீச்சர். ஊர் போலீஸ் ஸ்டேஷனும் கிப்பின்ஸ் வீடும் ஒன்றுதான், அதன் வாசல்வரை வின்னி கூடவே போனாள். உள்ளே டவுன் இன்ஸ்பெக்டரோடு உட்கார்ந்திருந்த கிப்பின்ஸ் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவருக்கும் எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள் டீச்சர்தான்.

ஒரு மணி நேரம் கழித்து இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டு வின்னியைப் பார்த்தார்.

"எழுத்து மூலமாக் கொடுத்துட்டாங்க. உங்க தம்பியைச் சாயங்காலம் விட்டுடுவோம். ஆனா ஒண்ணு, எனக்கு மனசு ஒப்பல. இப்படிப்பட்ட ஒரு அம்மா, ஒரு வேலிக்காகவா? உங்ககிட்ட வேற ஏதாவது காரணம் சொன்னாங்களா நர்ஸம்மா? இருந்தா இப்பவே சொல்லுங்க, அவங்களுக்கு அது உதவும்."

வேறு யாராவது கேட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். இந்த மனிதர் நல்ல எண்ணத்தோடு கேட்டுத் தொலைத்தார். வின்னி அவர் சட்டைப் பொத்தானையே பார்த்தாள்.

"வேலிதான் சார். எப்பவுமே அந்த வேலியைப் பத்தித்தான் பேசுவாங்க."

சாயங்காலம் பெர்சி வந்தான். மூன்று நாள் தாடி, கசங்கிய சட்டை. அக்காவைக் கட்டிக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். அவளும் அழுதாள். அவன் தலையை, கழுத்தை, தோளைத் தடவித் தடவிப் பார்த்தாள். முழுசாக இருந்தான். இதற்காகத்தானே மூன்று நாளும் சோறு தண்ணி இல்லாமல் ஓடினாள், இனி நிம்மதியாக உட்காரலாம். உட்கார முடியவில்லை. அவனுக்கு உருளைக்கிழங்கும் பன்றிக்கறியும் வைத்துவிட்டு, அடுப்புக்கும் மேஜைக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தாள்.

இரண்டு கவளம் உள்ளே போனதும் பெர்சிக்குப் பழைய வாய் திரும்பிவிட்டது.

"பைத்தியக்காரக் கிழவி! ஒரு வேலிக்காக மனுஷனக் கொன்னுட்டு, என் கழுத்துல கயித்த மாட்டப் பாத்தா பாரேன்! தன் கையால ஊட்டி விட்ட புள்ளையாச்சேன்னு பாத்தாளா? சீக்கிரம் தூக்குல போடட்டும் அக்கா. அன்னிக்குப் பப்புல எல்லாருக்கும் என் செலவுதான்."

வின்னி அவனை ஓங்கி ஓர் அறை விட்டாள். பிறந்ததிலிருந்து அவனை அவள் அடித்ததில்லை. முள்கரண்டி தெறித்துத் தரையில் விழுந்தது. பெர்சி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு விழித்தான்.

"எதுக்குக்கா அடிச்ச? நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்?"

அவன் தப்பாக ஒன்றுமே சொல்லவில்லை. ஊர் முழுக்க இனி இதைத்தான் சொல்லப் போகிறது, விசாரணை முடிகிற வரைக்கும், அதற்குப் பிறகும். ஒவ்வொரு வீட்டிலும், ஒவ்வொரு பிரசவத்திலும் அவள் இதைக் கேட்டுக்கொண்டு, ஆமாம் என்று தலையை ஆட்ட வேண்டும்.

"ஒண்ணும் தப்பாச் சொல்லல," என்றாள் வின்னி. குனிந்து முள்கரண்டியை எடுத்துக் கழுவி அவன் கையில் கொடுத்தாள். "ஆறிப் போவுது, சாப்பிடு."